கடையை விட்டு வெளியே போன சரக்குக்கு அந்தப் பாலிசி இல்லை

கும்பகோணத்தில் 17 ஆண்டுகளாகக் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று நம் பக்கத்தில் வெளிநாட்டுச் சரக்கு வாங்கி விற்கும் கடைக்காரர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். விற்ற பாகத்தால் ஒருவருக்கு அடிபட்டு, காப்பீடும் கைவிட்டு நான் பட்டது போதும்.

போன ஆவணியில், வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த நேரம். நவக்கிரகக் கோயில் சவாரி ஓட்டும் தம்பி ஒருவர், சொந்தக் கார் வைத்திருப்பவர், பயணிகளை மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பியிருக்கிறார். ஒரு மதகு வளைவில் பிரேக்கை மிதித்ததும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் மோதியது. முன் சக்கரம் ஒன்று தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றும்போது நானும் நின்றேன். டிஸ்கைப் பிடிக்க வேண்டிய பிரேக் பேடில் வெறும் இரும்புத் தகடுதான் இருந்தது. உராயும் பகுதியான லைனிங், சுவரிலிருந்து பூச்சு பெயர்வதுபோல் முழுதாகப் பெயர்ந்து போயிருந்தது. தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பசை ஓரங்களில் மட்டும் கோடாகப் பிடித்திருந்தது. நடுவில் பழைய துரு. துருப்பிடித்த தகட்டைச் சுத்தம் செய்யாமலே லைனிங்கை அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள். அந்த பேடை 23 நாளுக்கு முன் என் கையால் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

அடுத்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவும் வண்டி ஓட்டாத நாட்களின் வருமானமுமாக 4,80,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். அந்தத் தம்பிமேல் எனக்குத் துளியும் கோபமில்லை. காரின் சேதத்தை அவருடைய மோட்டார் பாலிசி பார்த்துக்கொண்டது. ஆனால் அதிலுள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஆறித் தேறும் எலும்பு முறிவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. அவர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

நோட்டீஸைப் பார்த்தபோதும் நான் பயப்படவில்லை. என்னிடம்தான் கடைக்கு எடுத்த காப்பீட்டுப் பாலிசி இருக்கிறதே என்று நினைத்தேன். நான்கு ஆண்டாக வருடத்துக்கு 9,000 ரூபாய்க்குமேல் கட்டி வந்தேன். எடுக்கும்போதே ஏஜெண்டிடம் கேட்டேன்: “நான் விற்ற பாகத்தால் யாருக்காவது அடிபட்டால்?” அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணே, லயபிலிட்டி கவர் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.”

லயபிலிட்டி, அதாவது நம்மால் பிறருக்கு நேரும் பாதிப்புக்குப் பணம் கொடுக்கும் காப்பு, இருந்தது உண்மை. அது பப்ளிக் லயபிலிட்டி. கடைக்கு வந்தவர்மேல் அலமாரி சரிந்து விழுந்தால், வாசலில் வழுக்கி விழுந்தால், அதற்கு. விற்றுக் கைமாறிய பொருளால் வரும் காயத்துக்கு அது பொருந்தாது என்று விலக்குகள் பக்கத்தில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. நான் எடுத்திருக்க வேண்டியது புராடக்ட் லயபிலிட்டி பாலிசி. நான்கு ஆண்டு புதுப்பித்தும் அந்த வார்த்தையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. கம்பெனி ஒரே பத்தியில் கிளைமை நிராகரித்தது.

பாலிசி எடுக்கும்போது கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலை எழுதிக் கேட்டு வாங்கினேன். கையெழுத்து என்னுடையது. மற்ற எழுத்தெல்லாம் ஏஜெண்டுடையது. வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது என் தவறு. கூடுதல் பிரிவுகள் என்ற இடத்தில் புராடக்ட் லயபிலிட்டி என்ற வரியின்மேல் நீல மையில் நேராக ஒரு கோடு கிழித்திருந்தது. நான் எதைக் கேட்டேனோ அதைத்தான் அடித்திருக்கிறார். அந்தக் கோட்டைப் பார்த்த அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, செய்தவன்தானே பொறுப்பு, விற்றவனுக்கு என்ன என்று வக்கீலிடம் கேட்டேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படிச் சொல்லவில்லை. விற்பவர் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று 86-வது பிரிவு அடுக்குகிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாவிட்டால், தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் கொண்டுசேர்க்க முடியாவிட்டால், அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தால், விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். விற்றவர் தன் பங்குக்குத் தனியாக உத்தரவாதம் கொடுத்திருந்தாலும் அப்படியே. என் பில்லில் “6 மாத கேரண்டி” என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தேன். அழகாக இருக்கட்டும் என்று பெட்டிமேல் கடையின் பெயர் ஸ்டிக்கரையும் ஒட்டியிருந்தேன். பிறர் செய்த பொருளில் தன் அடையாளத்தைப் போடுபவரையும் தயாரிப்பாளர் என்றே அந்தச் சட்டத்தின் 2(36) வரையறுக்கிறது. எத்தனை கடைகளில் இந்த ஸ்டிக்கர் பழக்கம் இருக்கிறது என்பது நமக்கே தெரியும். இன்றே நிறுத்துங்கள்.

வாடகைக் கார் வணிக உபயோகம், அவர் நுகர்வோரே ஆகமாட்டார் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அதுவும் நிற்காது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

சரக்கு கொடுத்த சென்னை மொத்த வியாபாரியிடம் போனேன். தான் டில்லியில் வாங்கியதாகச் சொன்னார். அவர் கொடுத்த எண் அணைந்து கிடந்தது. இறக்குமதிப் பொருளின் சில்லறைப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. இந்தப் பெட்டியில் எதுவுமே இல்லை. பில்லில் “பிரேக் பேட் செட் – 20” என்று மட்டும் இருந்தது. விலை குறைவு என்று நானும் பார்க்காமல் அடுக்கிவிட்டேன்.

கடைசியில் 2,75,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். வீட்டு நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். காருக்குப் பணம் கொடுத்த கம்பெனி, அந்தத் தொகையைப் பழுதான பாகம் விற்றவரிடம் திருப்பிக் கேட்கவும் உரிமை உண்டு என்கிறார் வக்கீல். அந்தப் பயம் இன்னும் தீரவில்லை.

ஏஜெண்டைப் பற்றி முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். பாலிசி வாசகம் தெளிவாக உள்ளது என்று பதில் வந்தது. இப்போது சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தனி உரிமையாளர் கடையின் பாலிசியையும் ஏற்கிறார்கள்.

புதிதாக எடுக்கப் போகிறவர்கள் இதைக் கேளுங்கள். புராடக்ட் லயபிலிட்டி பாலிசி, விபத்து நடந்த தேதியை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள்மேல் கோரிக்கை வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்காமல் ஒரு மாதம் விட்டாலும் முந்தைய விற்பனைக்கான காப்பு அறுந்துபோகலாம். முன்தேதி, அதாவது எந்த நாளுக்குப் பிந்தைய விபத்துகளை ஏற்பார்கள் என்பது, எதுவரை போகிறது, ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இறக்குமதிச் சரக்கு விற்கிறேன் என்பதை மறைக்காதீர்கள். நோட்டீஸ் வந்தால் கம்பெனிக்குச் சொல்லாமல் யாரிடமும் தவறை ஒப்புக்கொள்ளவோ தொகை பேசவோ கூடாது. நல்ல இறக்குமதியாளர் என்றால், அவருடைய பாலிசியில் விற்பனையாளராக உங்கள் கடையையும் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு மறுப்பவரிடம் பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் நான் இனி வாங்க மாட்டேன்.

வந்த 20 செட்டில் 13 செட்டைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கிறேன். விற்றது 7. விபத்தானது ஒன்று, நான்கு பேரைத் தேடிப் போய்க் கழற்றி, வேறு பேட் மாட்டிக் கொடுத்தேன். மீதி இரண்டு செட்டைப் பில் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்றிருக்கிறேன். யார் என்று நினைவில்லை. ஆடி, ஆவணியில் கும்பகோணத்தில் கம்பெனிப் பெயர் இல்லாத மஞ்சள் பெட்டியில் முன் பிரேக் பேட் வாங்கியவர்கள் தயவுசெய்து வண்டியை ஓட்டாதீர்கள். பக்கத்திலுள்ள மெக்கானிக்கை அழைத்து உடனே கழற்றச் சொல்லுங்கள். புது பேடும் கூலியும் என் செலவு.