பிஸ்கட் டப்பாவில் இருந்த மாத்திரைத் துண்டுகள்

ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இரவு அம்மாவுக்குக் குளிர்நடுக்கம் கண்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. இடுப்புக்கு மேலே வலப்பக்கம் கை பட்டாலே துடித்தாள். "நீர்க்கடுப்புதான். காலையில் மாத்திரை வாங்கிக்கொண்டால் சரியாகிவிடும், நீ தூங்கு" என்றாள். அம்மாவுக்கு வயது 71. இருபது வருடமாகச் சர்க்கரை நோய்.

சுவீடனில் கோத்தன்பர்க்கில் 14 வருடமாக இருக்கிறேன். எங்கள் ஊர் கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். இந்த முறை போன நான்கு வாரத்தில் பத்து நாட்கள் மருத்துவமனையில்தான் கழிந்தன. அங்கே பார்த்ததை, ஊரில் வயதான பெற்றோரை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் எல்லோருக்காகவும் எழுதுகிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தங்கையோடு மருந்துக் கடைக்குப் போனேன். தங்கையைப் பார்த்ததுமே கடைக்காரத் தம்பி, "அத்தைக்கா, அக்கா? போன தடவை கொடுத்ததையே தரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகளை வெட்டிக் கவரில் போட்டார். வாங்கிப் பார்த்தேன். செஃபிக்சிம், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக். மருத்துவர் சீட்டு கேட்கவில்லை. மொத்தமே இரண்டு நிமிடம்.

மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் செஃபிக்சிமும் உண்டு. 2014 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள அந்த விதியின்படி, சீட்டு எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் அட்டைகளில் நெடுக ஓடும் சிவப்புக் கோட்டைச் சீட்டு இல்லாமல் வாங்காதே என்ற அடையாளமாக மக்களுக்கு அறிமுகப்படுத்த, 2016இல் மத்திய அரசு பிரசாரமே நடத்தியது. எங்கள் ஆறு மாத்திரைகளில் அந்தக் கோடு இல்லை. கத்தரிக்கோல் அதைக் கடையிலேயே விட்டுவிட்டது.

அந்தத் தம்பி கெட்டவர் அல்ல. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து மருந்து கொடுப்பவர், அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து தருபவர். தங்கை மீதும் எனக்குக் கோபம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டுமென்றால் மதியமே போய் டோக்கன் போட்டு இரவு ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும், அவளுடைய அரை நாள் வேலை போய்விடும். கடைக்குப் போனால் அறுபது ரூபாயில் முடிந்துவிடுகிறது. அப்படித்தான் இரண்டு வருடமாக முடிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினோம். டோக்கன் எண் 47. உள்ளே நான்கு நிமிடம். ஊசி எழுதினார்கள். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். "முதலில் இதைப் போடுங்கள், கேட்காவிட்டால் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கேட்காவிட்டால் என்னும் அந்தச் சொல்லுக்கு எழுபது வயது உடம்பில் என்ன பொருள் என்று யாராவது யோசிக்கிறார்களா? கிருமி சிறுநீரகத்திலிருந்து ரத்தத்துக்குப் போய்விட்டால் பார்ப்பதற்கு நேரமே இருக்காது. அதோடு, ஒரு டோஸ் ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுக்கும் சாம்பிளில் கிருமி வளராமலே போகலாம். சோதனைக்கு உரிய நேரம் முதல் ஊசிக்கு முன்னால்தான்.

அந்த ஊசியைப் போடாமல், விடியற்காலையில் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வரிசை நீளம். கழிப்பறையைப் பற்றி எழுத மனம் வரவில்லை. வார்டின் கைகழுவும் குழாயில் நான் இருந்த பத்து நாளில் ஒருநாள்கூடச் சோப்பு இல்லை. கட்டிலுக்குக் கட்டில் கிருமி தாவுவது பெரும்பாலும் கைகளின் வழியாகத்தான் என்னும்போது இது சின்னக் குறை அல்ல. ஆனால் அம்மாவைப் பார்த்த பெண் மருத்துவர் முதல் வேலையாகச் சிறுநீரும் ரத்தமும் கல்ச்சருக்கு அனுப்பினார். செவிலியர் மூடியிட்ட கிருமியற்ற குப்பியைக் கொடுத்து, "முதலில் வருவதை விட்டுவிடுங்கள் அம்மா, நடுவில் வருவதைப் பிடியுங்கள், மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது" என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சாம்பிள் போன பிறகே செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற்றினார்கள். முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாது, ஊகித்து ஒரு மருந்தைத் தொடங்கத்தான் வேண்டும். முடிவு வந்ததும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்று விளக்கினார் மருத்துவர்.

இரண்டு நாளும் காய்ச்சல் இறங்கவில்லை.

மூன்றாம் நாள் ரிசல்ட் வாங்கப் போனபோது, ஆய்வுக்கூடத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாருங்கள், காட்டுகிறேன்" என்று கிருமி வளர்த்த தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். வெளிறிய ஊட்டப்பரப்பின் மேல் பனிப்படலம் போலக் கிருமி படர்ந்திருந்தது. அதன்மேல் பொட்டு அளவில் சின்னச் சின்ன வெள்ளைக் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். சில வில்லைகளைச் சுற்றி நல்ல அகலமான வட்டம் இருந்தது. மற்ற வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து உட்கார்ந்திருந்தது. என் தாயின் உடம்பில் எது வேலை செய்யும், எது செய்யாது என்பதைக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தட்டை எல்லோருக்கும் ஒருமுறை காட்டினால் போதும் என்று தோன்றியது.

ஈ.கோலை என்னும் குடல் கிருமி. ஈ.எஸ்.பி.எல். வகை. அதாவது பெனிசிலின் வகையையும் செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளையும் உடைத்துப்போடும் நொதியைத் தானே செய்துகொள்ளும் கிருமி. அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே எஸ் என்று இருந்தால் கேட்கும், ஆர் என்று இருந்தால் கேட்காது. சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். செஃபிக்சிம் ஆர். செஃப்ட்ரியாக்சோன் ஆர். கோட்ரைமாக்சசோல் ஆர். நைட்ரோஃபுரான்டாயின் எஸ், ஆனால் அது சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்குத்தான் உதவும், சிறுநீரகம் வரை ஏறிவிட்டதற்கு ஆகாது. அமிகாசின் எஸ், சர்க்கரையால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு அதைக் கொடுக்க மருத்துவர் அஞ்சினார். மீதம் இருந்தது மெரோபெனம் என்னும் ஊசி மருந்து.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஏழு நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. ஊசிக்கு ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டின் அருமையை அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

நடுவில் ஒருநாள் மாற்றுப்புடவை எடுக்க வீட்டுக்குப் போனேன். அலமாரியில் அம்மா மருந்து போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டப்பா. தரையில் கொட்டினேன். கத்தரித்த வெள்ளி அட்டைத் துண்டுகள்: இரண்டு மாத்திரை மீந்தது, ஒன்று மீந்தது, வெறும் கூடு. பாதியில் அறுபட்ட பெயர்களின் எழுத்துகளைச் சேர்த்துச் சேர்த்துப் படித்தேன். சிப்ரோ. மறுபடி சிப்ரோ. செஃபிக்சிம், மூன்று வெவ்வேறு கம்பெனி. கோட்ரைமாக்சசோல். கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். டப்பாவில் இருந்த ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஆர்.

மாத்திரை ஒவ்வொரு முறையும் அம்மாவின் குடலில் இருந்த சாதுவான கிருமிகளைக் கொன்று, முரண்டு பிடிக்கும் கிருமிகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. அந்த முரட்டுத்தனம் ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்கு மரபணுத் துணுக்காகக் கைமாறவும் செய்யும். இது ஊர் முழுவதும் நடக்கிறது. ஆகவே ஒரு மாத்திரைகூட வாங்காதவரும் தப்ப முடியாது. சுவீடனின் உப்சாலாவில் வெளிநாடு போய்த் திரும்பிய நூறு பேரைச் சோதித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், இந்தியா போய் வந்த எட்டுப் பேரில் ஏழு பேரின் குடலில் ஈ.எஸ்.பி.எல். கிருமி குடியேறியிருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

சுவீடனுக்கும் சென்னைக்கும் இந்த விஷயத்தில் இன்னொரு தொடர்பும் உண்டு. மெரோபெனத்தையும் தோற்கடிக்கும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்னும் நொதி முதலில் அடையாளம் காணப்பட்டது, தில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சுவீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம், 2008இல். அவருக்கும் சிறுநீர்த் தொற்றுதான். 2010இல் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. தில்லியின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் வழிகளை வகுத்துச் சென்னைப் பிரகடனம் என்று வெளியிட்டன. வழி தெரியாமல் நாம் இல்லை.

எங்கள் ஊரிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு நான் போவதற்குச் சில மாதம் முன்பு காசநோய். சளியை, கிருமியின் மரபணுவைக் கண்டறியும் ட்ரூநாட் கருவியில் சோதித்து, கிருமி இருப்பதையும், அது காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகைதானா என்பதையும் பார்த்துவிட்டே மருந்து தொடங்கியிருக்கிறார்கள். எடைக்கேற்ற மாத்திரை, ஆறு மாதமும் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில். ஒருமுறை மாத்திரை வாங்க வராதபோது சுகாதாரப் பணியாளர் சைக்கிளில் தேடி வந்துவிட்டாராம். வீட்டுத் திண்ணையில் வைத்தே காசநோயைக் குணப்படுத்த முடியும், சானடோரியம் தேவையில்லை என்று உலகுக்கு நிரூபித்ததே சென்னையில் 1956இல் தொடங்கிய ஆராய்ச்சிதான். ஒரு கிருமிக்கு இத்தனை ஒழுங்காக, சோதித்து, எழுதி வைத்து, பின்தொடர்ந்து வைத்தியம் செய்யத் தெரிந்த அதே தெருவில், இன்னொரு கிருமிக்குக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கிறோம். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சிறுநீர் கல்ச்சருக்கு அந்த அளவு கருவிகூட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குப்பியை வாங்கி, குளிரூட்டிய பெட்டியில் தாலுகா மருத்துவமனைக்கு அனுப்ப ஆள் இருந்தால் போதும்.

வீடு திரும்பிய பிறகு உறவினர் ஒருவர், கிருமி போய்விட்டதா என்று மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தினார். மருத்துவர் மறுத்துவிட்டார். காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாதபோது வயதானவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம், அறிக்கையைப் பார்த்துப் பயந்து மருந்து கொடுப்பதும் இதே தவறுதான் என்றார். இது எனக்குப் புதிய செய்தி. சோதனையை விட்டுவிடுவது ஒரு பிழை என்றால், தேவையில்லாமல் சோதிப்பதும் பிழை.

கிளம்புவதற்கு முன்பு மருந்துக் கடைக்குப் போய் அறிக்கையின் நகலைத் தம்பியிடம் கொடுத்து, தட்டில் பார்த்ததைச் சொன்னேன். வெகுநேரம் வாசித்தார். "நான் கொடுத்ததெல்லாம் ஆர்தான், அக்கா" என்றார். அதை மடித்துக் கல்லாவில் வைத்துக்கொண்டார்.

சென்ற வாரம் தங்கை அழைத்தாள். அம்மாவுக்கு மறுபடி எரிச்சல், லேசான காய்ச்சல். என் நெஞ்சு அடைத்தது. "கடைக்குப் போனேன். தம்பி மாத்திரை தரவில்லை. குப்பிதான் கொடுத்தார்" என்றாள். சாம்பிள் போய்விட்டது. நாளை மறுநாள் ரிசல்ட்.