டப்பால "அடாப்டிவ்"னு போட்டிருக்கான், நம்பி வாங்கலாமா?

முதல்லயே சொல்லிடுறேன், ஹீட்டரைப் போட்டு அணைச்சு சூட்டை ஒரே அளவுல நிறுத்துற இந்தப் பெட்டி, வெறும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரா பாத்தா குடுத்த காசுக்கு மோசமில்ல. ஆனா டப்பா மேல "அடாப்டிவ், செல்ஃப் லேர்னிங்"னு அச்சடிச்சிருக்கான் பாருங்க, அந்த ரெண்டு வார்த்தைக்காக நூறு ரூபா கூட அதிகமா குடுக்காதீங்க.

காரைக்குடில பலகாரம் போடுற ஆச்சி ஒருத்தங்களோட எலக்ட்ரிக் ஃப்ரையர்ல மாட்டிக் குடுத்தேன். தேன்குழலும் சீப்புச் சீடையும் ஒரே பதத்துல வரணும், அதான் தேவை. ஆட்டோ டியூன் பட்டனை அமுக்கினா ஹீட்டரை முழுசா போட்டு முழுசா அணைச்சு எண்ணெய் சூட்டை செட் பாயின்ட்டுக்கு (நாம வேணும்னு வச்ச சூடு) மேலயும் கீழயும் ஆட விடுது, அந்த ஆட்டம் எவ்வளவு பெருசு, ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரம்னு பாத்து ஹீட்டரை எவ்வளவு ஓட்டணும்னு தீர்மானிக்கிற பி, ஐ, டி மூணு நம்பரையும் அதுவே போட்டுக்குது. 1984ல ஸ்வீடன்ல ஆஸ்ட்ரோம், ஹேக்லண்ட் ரெண்டு பேரும் சொன்ன ரிலே முறை இப்படித்தான், அதுக்கும் அடில இருக்கறது 1942ல ஸீக்ளரும் நிக்கல்ஸும் போட்ட கணக்கு. டியூன் முடிஞ்சப்புறம் 175 டிகிரில கச்சிதமா நிக்குது. மாவு புழிஞ்சதும் சூடு சட்டுனு இறங்கும், அதையும் சமாளிச்சு ஏத்திடுது. ஆச்சியே "பரவால்லயே தம்பி, கருகல"ன்னாங்க, அவங்க வாய்ல அது வர்றதே பெருசு.

சிக்கல் சாயங்காலம்தான். பலகாரம் எண்ணெயைக் குடிக்கக் குடிக்க சட்டில எண்ணெய் குறையும், ஹீட்டர் அதே ஹீட்டர், அப்ப சூடு வேகமா ஏறும். நிறை சட்டிக்கு எடுத்த நம்பர் பாதி சட்டிக்கு ஒத்து வராது, செட் பாயின்ட்டைத் தாண்டி ஓடிட்டு திரும்பி வருது. நிஜ அடாப்டிவ் கன்ட்ரோல்னா இதைக் கண்டுபிடிச்சு ஓடிட்டிருக்கும்போதே நம்பரை மாத்தணும், இது காலைல எடுத்ததையே பிடிச்சிட்டு உக்காந்திருக்கு.

அதுக்காக முழுநேர அடாப்டிவ் வச்சிருக்கலாமேன்னு கேக்காதீங்க, அது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்ல. அது ஸ்டேபிளா இருக்கும்னு நிரூபிக்கவே 1980 வரைக்கும் ஆச்சு, அதுல மெட்ராஸ் யுனிவர்சிட்டில படிச்சு அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில வாத்தியாரா இருந்த நரேந்திராவுக்குப் பெரிய பங்கு. அந்த நிரூபணம் வந்த சூட்டோடயே, கணக்குல சேக்காத சின்ன டைனமிக்ஸ் (மெஷினோட சின்னச் சின்ன அசைவு, தாமதம்) இருந்தா ஆட்டம் கண்டுரும்னு ரோர்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் காட்டிட்டாங்க. 1967ல எக்ஸ்-15 விமானம் விழுந்து பைலட் செத்தாரே, அதுலயும் அடாப்டிவ் கன்ட்ரோலர் கெயினை (எவ்வளவு பலமா திருத்தணும்ங்கற அளவு) குறைக்காம ஆட்டத்துல மாட்டிக்கிட்டது ஒரு காரணம். இன்னொன்னு, சூடு ஆடாம அசையாம நின்னா அதுக்கு கத்துக்க ஒண்ணுமே கிடைக்காது, அது கணிச்சு வச்சிருக்கற நம்பர் (எஸ்டிமேட்) கண்ட பக்கம் நகரும். கொதிக்கிற எண்ணெய்ல எனக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

நான் பண்ணினது சாதா வேலை. இந்த பெட்டில ரெண்டு செட் நம்பர் சேவ் பண்ணலாம், நிறை சட்டில ஒரு தடவை, பாதி சட்டில ஒரு தடவை டியூன் பண்ணி வச்சாச்சு, எண்ணெய் குறைஞ்சா ஆச்சி பட்டனை மாத்திக்கிறாங்க. கெயின் ஷெட்யூலிங்னு பேரு இதுக்கு, கை வேலைதான், ஆனா ஓவர்ஷூட் போயிடுச்சு. டியூன் ஓடும்போது மட்டும் மாவு போடாதீங்க, நம்பர் கெட்டுரும். சென்சார் முனை ஹீட்டர் கம்பியை ஒட்டியும் இருக்கக் கூடாது.

மேனுவல்ல எழுத்து எறும்பு சைஸ்.

இங்க இன்ஜினியரிங் படிக்கிற தம்பிங்க அடாப்டிவ் ப்ராஜக்ட்டுக்குன்னு இதை வாங்காதீங்க, உள்ள இருக்கற அல்காரிதத்துல கையே வைக்க முடியாது. ஒரு ஆர்டுயினோ, சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள், ஹீட்டரைப் போட்டு அணைக்க ஒரு எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே) வாங்கி நீங்களே எழுதுங்க, மொதல்ல தண்ணில ஓட்டிப் பாருங்க.