செவலையின் வெறும் முதுகில் அரை மணி நேரம்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். டவுனிலிருந்து மோட்டாரில் கால் மணி நேரம் செம்பனைக்கு (பாமாயில் எடுக்கும் மரம்) நடுவே போனால் அந்தக் குதிரை லாயம் வரும். பெயர்ப் பலகை கிடையாது, வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்புவார்கள். மொத்தம் ஆறு குதிரைகள். சேணம் இல்லாமல் சவாரி பழக அரை மணி நேரத்துக்கு 70 வெள்ளி (ரிங்கிட்). நான் ஐந்து சனிக்கிழமை போய்விட்டேன். கிளினிக்கில் கூட வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறது, நாங்களும் போகலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பழக்குலை வெட்டினார். எங்கள் தீம்பார் (தோட்டத்து) கோவிலில் மதுரை வீரன் வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். அந்தக் குதிரையின் வயிற்றில் கை வைத்தால் சிமெண்டு சில்லென்று இருக்கும். இந்த லாயத்தில் செவலை என்கிற குதிரையின் முதுகில் முதல்முதலாக உட்கார்ந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது, ஏனென்றால் இது சுட்டது. குதிரையின் உடம்பு நம் உடம்பைவிடக் கொஞ்சம் சூடு, 38 டிகிரி பக்கம் இருக்கும். இதற்கு முன் வேறு ஊரில் மூன்று மாதம் சேணம் போட்டுப் பழகியிருக்கிறேன். அங்கே இந்தச் சூடு எனக்குத் தெரிந்ததே இல்லை. காலைப் பனியில் தொடை வழியாக அந்தச் சூடு ஏறும்போது, உயிருள்ள ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று உடம்பு முழுக்கத் தெரிகிறது.

சொல்லிக் கொடுக்கும் அண்ணன் இருபது வருடம் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக் கொள்ளும் சைஸாக இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கொண்டு நடத்திப் போனார். “இப்போ எந்தப் பின்னங்கால் முன்னுக்குப் போகுது, சொல்லும்மா தங்கச்சி” என்றார். முதலில் குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிட்டது. பின்னங்கால் தரையை விட்டு எழும்பும்போது அந்தப் பக்கத்து முதுகு கொஞ்சம் இறங்கும், நம் இடுப்பும் கூடவே இறங்கும். வலது, இடது, வலது. சேணத்தில் மூன்று மாதம் உட்கார்ந்தும் எனக்கு இது தெரியவில்லை. அந்த ஒரு பாடத்துக்கே 70 வெள்ளி தகும் என்பேன்.

கஷ்டம் துள்ளுநடையில் ஆரம்பிக்கிறது. ட்ரோட் என்பார்களே, அதுதான். நடையில் நாலு குளம்பும் தனித்தனியாக விழும். இதில் ஒரு பக்கத்து முன்னங்காலும் மறுபக்கத்துப் பின்னங்காலும் ஜோடி ஜோடியாக விழுவதால் முதுகு நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். கால் வைக்க அங்கவடி இல்லை. பயத்தில் முழங்காலை இறுக்குவோம். இறுக்கினால் குதிரை, “வேகமாகப் போகச் சொல்கிறாள்” என்று எடுத்துக் கொள்ளும். வேகம் கூடினால் இன்னும் இறுக்குவோம். செவலையும் நானும் இப்படியே மூன்று சுற்றுப் போனோம். அண்ணன் ஓடி வந்து பிடிக்கவில்லை. “மூச்சை விடும்மா, காலைத் தொங்கப் போடு” என்று மட்டும் சொன்னார். மூச்சை விட்டேன். இடுப்பு இளகியது, செவலையும் ரெண்டு அடியில் நடைக்கு வந்துவிட்டது. கயிற்றை நான் தொடவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக் கொண்டு போனேன். நான் மூச்சு விட்டதை அது கேட்டிருக்கிறது.

முன்பதிவு செய்யும்போது செவலைதான் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அது இந்தோனேசியாவின் சும்பாத் தீவு வம்சத்துக் கட்டைக் குதிரை, என் நெஞ்சு உயரம்தான் இருக்கும். அந்தத் தீவில் சேணம் இல்லாமல் ஏறுவதே வழக்கம் என்றார் அண்ணன். முதுகு உருண்டையாக, சதைப் பிடிப்பாக இருக்கும். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் இதில் ஏற்ற மாட்டார்கள், தராசு வைத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். கோபப்படாதீர்கள், அது நியாயம். சேணம் நம் பாரத்தைப் பரப்பிவிடும். அது இல்லாவிட்டால் நம் இடுப்பெலும்பு ரெண்டும் ஒரே இடத்தில் குத்தும். அரை மணிக்கு மேல் விடாததும் அதனால்தான்.

மூன்றாவது வாரம் செவலைக்கு ஓய்வு என்று உயரக் குதிரையைக் கொடுத்தார்கள். பந்தயத்தில் ஓடியது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூரில் குதிரைப் பந்தயத்தையே நிறுத்துவதற்கு முன் கடைசிப் பந்தயம் நடந்து முடிந்த பிறகு இங்கே வந்து சேர்ந்ததாம். அழகான குதிரை, சாதுவான குணம். ஆனால் கழுத்தும் முதுகும் சேருகிற மேட்டில் எலும்பு கத்தி மாதிரி நிற்கிறது. ரெண்டு நாள் சரியாக உட்கார முடியவில்லை. இந்த வகுப்புக்கு அந்தக் குதிரையை அவர்கள் கொடுக்கவே கூடாது. அதற்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. நம் ஊர் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும், இதற்கும் அப்படித்தான். உடம்பு சூடேறிக் கொண்டே போகும், தணியாது. அதனால் மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பத்து மணிக்கு மேல் எந்தக் குதிரையையும் வெளியே எடுப்பதில்லை. இந்த அக்கறைக்காகவே எனக்கு இந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

நாலாவது வாரம் விழுந்தேன். கடைசிப் பத்து நிமிடம் திடலை விட்டுத் தோட்டத்து மண் சாலைக்குக் கூட்டிப் போவார்கள். 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தக் காலத்திலிருந்து தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போகும் சாலைகள், சமதரை, குளம்புக்கு மெத்தென்று இருக்கும். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள்ளிருந்து ஒரு உடும்பு ஓடியது. செவலை ஒரே எட்டில் பக்கவாட்டில் பாய்ந்தது. பிடரியைப் பிடிப்பதற்குள் நான் லாலாங் புல்லில் கிடந்தேன். தோளில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. செவலை தன்பாட்டில் லாயத்தைப் பார்த்து ஓடியது. இத்தாலியில் சியென்னா என்ற ஊரில் ஜூலை 2-ஆம் தேதியும் ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் சேணம் இல்லாமல் குதிரைப் பந்தயம் ஓட்டுவார்கள். ஆள் விழுந்தாலும் குதிரை மட்டும் முதலில் வந்துவிட்டால் வெற்றிதான். அண்ணன் அதைச் சொல்லிக் கொண்டே என் தோளில் மஞ்சள் தடவினார்.

குறை என்றால், அங்கே இருக்கும் ஹெல்மெட்டுகள் ஈரமாகவே கிடக்கின்றன, ரெண்டில் வார் இறுகவில்லை. சொந்தமாக வாங்கிக் கொண்டு போங்கள், மோட்டார் ஹெல்மெட் வேண்டாம். அப்புறம், பத்து வெள்ளி கூடக் கொடுத்தால் முதுகில் கட்ட ஒரு மெத்தை தருகிறார்கள். மெத்தை நல்லதுதான், ஆனால் அதில் அங்கவடியும் தொங்குகிறது. உள்ளே சட்டம் இல்லாத மெத்தையில் அங்கவடியை மிதித்தால் முழுப் பாரமும் குதிரையின் முதுகெலும்பில் இறங்கும், மெத்தையும் ஒரு பக்கமாகப் புரண்டுவிடும். கழற்றச் சொல்லுங்கள். நான் சொன்னதும் உடனே கழற்றிவிட்டார்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், தையல் அறுக்கும். வழுக்கும் நைலான் ட்ராக்கும் வேண்டாம், பருத்திதான் பிடித்து நிற்கும். ஏறுவதற்கு லோரி டயர் ரெண்டை அடுக்கி மேலே பலகை போட்டிருக்கிறார்கள், எம்பிக் குதித்து ஏறிக் குதிரையின் முதுகை நோகடிக்க வேண்டியதில்லை. பசியாறிவிட்டு உடனே போகாதீர்கள், முடித்துவிட்டு டவுனில் தோசை சாப்பிடலாம். வரும் சனிக்கிழமை எட்டு மணிக்குச் செவலையை எனக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஏழரை மணி இன்னும் காலியாக இருக்கிறது.