பர்மா தேக்கு ஊஞ்சல் என்று பெங்களூரில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அம்மாவுக்கு 74 வயது. தேவகோட்டைப் பக்கம் அவர் பிறந்த வீட்டின் தாழ்வாரத்தில் பெரிய ஊஞ்சல் ஒன்று தொங்கியது. அந்த வீட்டை விற்றபோது நிலை, கதவு, தூண் எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டன. ராமமூர்த்தி நகரில் இருக்கும் எங்கள் கூடத்தில் அவருக்கு ஒரு ஊஞ்சல் மாட்ட ஆசைப்பட்டேன். அதில்தான் 68,000 ரூபாய் போனது.

பழைய மரச்சாமான் விற்கும் கடை அது. "அண்ணே, காரைக்குடி வீட்டுல இறக்கினது, அசல் பர்மா தேக்கு, 120 வருஷம். நம்ம ஊர்க்காரங்ககிட்ட பொய் சொல்வேனா?" என்றார் கடைக்காரர். தமிழ் கேட்டதும் நானும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். தப்பு அங்கேதான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் தரையில் மாவு கொட்டியது போலப் பொடி. துடைத்தால் மறுநாளும் அதே இடத்தில். அல்சூரிலிருந்து தெரிந்த ஆசாரி ஒருவரை வரவழைத்தேன். அவர் முதலில் பார்த்தது வளையம் மாட்டிய துளையைத்தான். பல காலம் சங்கிலியில் தொங்கிய பலகை என்றால் துளையின் விளிம்பு தேய்ந்து, இரும்புக் கறை ஏறிக் கறுத்திருக்கும். இதில் உள்ளே வெளுத்த புது மரம்! பலகையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வட்ட ரம்பம் போட்ட வளைவுக் கீறல்கள், அதன் மேல் சாயம். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேய்த்தார், துணி பழுப்பானது. ஓரத்தில் உளியால் லேசாகச் சீவி மோந்து பார்த்தார். தேக்கின் எண்ணெய் வாசமே இல்லை. "தம்பி, தேக்கே இல்ல இது. வைரம் பாயாத ஏதோ இளமரம், அதான் வண்டு துளைக்குது" என்றார். அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கடைக்குப் போனேன். "பில்லைப் பாருங்க" என்றார்கள். பில்லில் 'மர ஊஞ்சல் 1' என்று மட்டும் இருக்கிறது. தேக்கு என்றோ பழசு என்றோ ஒரு வார்த்தை கிடையாது.

அதனால் வாங்குகிறவர்கள் பில்லில் மரத்தின் பெயர், அளவு, வயது மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வந்துவிடுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் என்று சொல்கிறவரிடம் உரிமம் கேளுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த நூறு வருஷத்துப் பொருளும் தொல்பொருள்தான், அதை விற்க உரிமம் வேண்டும். கனத்தை மட்டும் நம்பாதீர்கள், மாமரமும் கனமாகத்தான் இருக்கும். வண்டு துளைத்த ஓட்டையில் மெழுகு அடைத்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். அப்புறம், பணம் கொடுக்கும் முன்பே ஒரு ஆசாரியைக் கூட்டிப் போங்கள். நான் மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவில் 'பர்மா தேக்கு' என்று தெளிவாக இருக்கிறது, அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன். மற்ற மரச்சாமானுக்கும் வண்டு பரவக் கூடாது என்று பலகையைக் கழற்றி மொட்டைமாடியில் போட்டாயிற்று. கூடத்தில் கொக்கிகள் மட்டும் தொங்குகின்றன.