டெபியன் 12: என்விடியா கார்டு உள்ள ஒர்க்ஸ்டேஷனில் எப்படி?

2023 ஜூனில் வந்த லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-இல் மனதாரப் பாராட்ட வேண்டியது, வைஃபை ஃபர்ம்வேரும் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) நிறுவல் ஐஎஸ்ஓ கோப்பிலேயே சேர்ந்து வருவது. முன்பெல்லாம் அதைத் தனியாகத் தேடிப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் புதிய என்விடியா கார்டுகளில்தான். நிறுவல் ஒழுங்காக முடியும். மறுபடி பூட் ஆகும்போது திரை கறுத்து நிற்கும். பெரும்பாலும், என்விடியா கார்டுகளுக்கான திறமூல டிரைவரான நூவோ கார்டோடு ஒத்துப்போகாததே காரணம், மறுநிறுவல் தேவையில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் (பூட் தேர்வு) மெனுவில் ‘இ’ (e) விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ (nomodeset) சேர்த்து எஃப்10 தட்டுங்கள். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே. உள்ளே போனதும் கான்ட்ரிப் (contrib), நான்-ஃப்ரீ (non-free) மென்பொருள் களஞ்சியங்களைச் சேர்த்து, என்விடியா டிரைவரோடு கெர்னல் ஹெடர்களையும் (டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) நிறுவுங்கள். ஹெடர் விட்டுப்போனால் டிரைவரின் மாட்யூல் கம்பைல் ஆகாது. பலரும் வழுக்குவது இங்கேதான்.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை பூட்டின்போது தடுக்கும் வசதி) இயங்கினால், ‘மோக்யூட்டில்’ (mokutil) கட்டளையால், டிரைவர் மாட்யூலுக்குக் கையொப்பமிடும் டிகேஎம்எஸ் சாவியைப் பதிய வேண்டும். மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரையில் ‘என்ரோல் மோக்’ (Enroll MOK) தேர்வு செய்யுங்கள். சில நொடிகளில் அது மறைந்துவிடும், கீபோர்டில் கை இருக்கட்டும். டெபியன் இதை நிறுவும்போதே எச்சரித்திருக்க வேண்டும்; பெரிய குறைதான்.

நிறுவும்போது என்விஎம்இ (வேக எஸ்எஸ்டி) வட்டே தெரியவில்லையா? பயாஸில் சேமிப்பக அமைப்பை ரெய்டு (RAID) முறையிலிருந்து ஏஹெச்சிஐக்கு (AHCI) மாற்றிப் பாருங்கள்.