போர்ச்சுகீசிய உயிரெழுத்துகளுக்குப் பிரிபெராம் அகராதி: ஒரு மதிப்பீடு

போர்ச்சுகீசியத்தை ஓரளவு பேசத் தெரிந்தவரையும் எழுதும்போது தயங்க வைப்பவை அழுத்தமின்றி ஒலிக்கும் உயிரெழுத்துகளே. லிஸ்பன் பேச்சில் அழுத்தம் விழாத ஒகரம் பெரும்பாலும் உகரமாகிவிடுகிறது. எகரமோ மங்கி, சில சொற்களில் கேட்காமலே போய்விடுகிறது. பிரேசிலில் சொல்லின் இறுதி எகரம் இகரமாக ஒலிப்பதே பரவலான வழக்கு. 'உடம்பு' என்று எழுதி 'ஒடம்பு' என்று பேசுகிற நமக்கு இந்த இடைவெளி பழகியதுதான், திசைதான் எதிர். இச்சிக்கலுக்கு, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பிரிபெராம் அகராதி எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன்.

தவறான உயிரெழுத்தோடு தேடினால், அச்சொல் இல்லை என்று கைவிரிக்காமல், நெருங்கிய வடிவங்களை அது முன்வைக்கிறது. சிறப்புரிமையைக் குறிக்கும் 'பிரிவிலேஜியோ'வின் முதல் அசையில் எகரம் இடுவது அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் செய்யும் பிழை. அண்டை வீட்டாரைக் குறிக்கும் 'விஸின்யோ', அமைச்சரைக் குறிக்கும் 'மினிஸ்த்ரோ' ஆகியவற்றின் முதல் இகரம் போர்ச்சுகல் பேச்சில் மங்கிய எகரமாகவே காதில் விழுவதால், செவியை நம்பி எழுதுபவர் அங்கேயும் சறுக்குவார். இத்தகைய இடங்களில் அகராதி சட்டென்று கைகொடுக்கிறது.

ஆனால் இரு வடிவங்களும் உண்மையான சொற்களாக இருக்கும்போது அது எச்சரிக்க வழியில்லை. 'கொம்ப்ரிமென்டோ' என்றால் நீளம். 'கும்ப்ரிமென்டோ' என்றால் வணக்கம் கூறுதல் அல்லது கடமையை நிறைவேற்றுதல். எதைத் தேடினாலும் விடை வரும் என்பதால், பொருளைப் படிக்காமல் பக்கத்தை மூடுபவர் பிழையோடுதான் திரும்புவார். இங்கே சொற்பிறப்புக் குறிப்பையும் பார்ப்பது நல்லது: முன்னது நீளமானது என்று பொருள்படும் 'கொம்ப்ரிதோ'வின் குடும்பம், பின்னது நிறைவேற்றுதலைக் குறிக்கும் 'கும்ப்ரீர்' வினையின் குடும்பம். உறவுச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் உயிரெழுத்து தானாகவே நினைவில் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வினைத்திரிபு அட்டவணை. 'கொபியார்' என்ற வினை தன்மை ஒருமையில் 'கொபியோ' ஆகும்போது, அதே ஈறு கொண்ட 'ஒதியார்' என்பதோ 'ஒதெய்யோ' ஆவதை வேறெங்கும் இவ்வளவு விரைவாகச் சரிபார்க்க முடிவதில்லை. போர்ச்சுகல், பிரேசில் வழக்குகளையும், 1990 எழுத்துச் சீர்திருத்த ஒப்பந்தத்துக்கு முந்தைய, பிந்தைய வடிவங்களையும் பிரித்துக் காட்டுவதும் பயனுள்ளது. பிரேசிலின் அக்ரே மாநிலத்தவரைக் குறிக்கும் சொல்லில் இருந்த எகரத்தை அவ்வொப்பந்தமே இகரமாக்கியது.

குறை என்றால், அகராதி விதியைச் சொல்லித் தருவதில்லை. 'பொஸுயீர்' வகை வினைகள் நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் இகரத்தில் முடியும், 'கொன்டினுவார்' வகை வினைகள் விழைவு வடிவில் எகரத்தில் முடியும் என்ற பொது ஒழுங்கை அட்டவணைகளிலிருந்து நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர் முதலில் ஓர் இலக்கண நூலை வாங்குவதே சரி. ஏற்கெனவே கடிதமும் கட்டுரையும் எழுதுபவர் இந்த அகராதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.