காங் கிளாசிக்: லேப்ரடாரின் சாப்பாட்டுப் பாத்திரம்

லேப்ரடார் குட்டி வந்த ஆறே மாதத்தில் செருப்பு, ரிமோட், சோபாவின் கைப்பிடி, கதவு நிலை எல்லாம் பல் தடத்தோடு நிற்கும். அது குறும்பும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவர்களோடு கடலில் வேலை பார்த்த நாய்களின் வழிவந்து, பிரிட்டனில் சுட்டு விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. வாய்க்கு வேலை வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும். அந்த வேலையைக் கொடுப்பதில் காங் கிளாசிக் என்ற சிவப்பு ரப்பர் சாமானுக்கு இணையாக இன்னொன்றைச் சொல்வது கடினம். ஆனாலும் வாங்கியவர்களில் பலர் ஒரே வாரத்தில் அதை மூலையில் போட்டுவிடுகிறார்கள். பொம்மை என்று நினைத்து வாங்குவதால் வரும் வினை அது. உள்ளே சாப்பாடு வைத்துக் கொடுக்க வேண்டிய பாத்திரம் இது. காலியாகப் போட்டால் பெரும்பாலான லேப் கொஞ்ச நேரத்தில் சீந்தாமல் போய்விடும்.

மூன்று ரப்பர் உருண்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கியது போன்ற வடிவம், உள்ளே கூடு, அடியில் பெரிய வாய், நுனியில் சிறு துளை. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஃபோக்ஸ்வேகன் வேனின் ரப்பர் பாகம் ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் பிறந்தது. நுனித் துளை காற்று போய் வருவதற்கு. ஒரே துளை உள்ள பொம்மைகளில் நாய் நக்க நக்க உள்ளே காற்று இழுபட்டு நாக்கு மாட்டிக்கொள்ளும், வீங்கும், மருத்துவர்தான் எடுக்க வேண்டிவரும். மலிவு நகல் வாங்குவதாக இருந்தாலும் இரண்டு துளை இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

அளவில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. எல் சைஸ் 13 முதல் 30 கிலோ வரையுள்ள நாய்க்கு, எக்ஸ்எல் 27 முதல் 41 கிலோ வரை. வளர்ந்த பெண் லேப் பொதுவாக 25 முதல் 32 கிலோ, ஆண் 29 முதல் 36 கிலோ. ஆகவே ஆணுக்கு எக்ஸ்எல்தான். பெண்ணுக்கு எதுவென்று சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள். சின்னது தொண்டையில் சிக்கும், பெரியதால் அந்த ஆபத்து இல்லை. பல் முளைக்கும் குட்டிக்கு இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் வரும் மென்மையான வகை, வளர்ந்ததற்குச் சிவப்பு, சிவப்பையே பிய்த்துவிடும் முரட்டுத் தாடைக்குக் கறுப்பு. எலும்பு, மான் கொம்பு, மாட்டுக் குளம்பு போன்றவற்றைக் கடித்து மேல் கடைவாய்ப் பல் பிளக்கும் நாய்கள் ஏராளம். கடிக்கக் கொடுக்கும் பொருள் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். காங் அதில் தேறும்.

இனி உள்ளே வைப்பது. முதல் நாளே கல் மாதிரி உறையவைத்துக் கொடுத்தால் நாய் இரண்டு முறை முகர்ந்துவிட்டுப் போய்விடும். முதல் மூன்று நான்கு நாள் வெறும் ட்ரை ஃபுட்டை மட்டும் போடுங்கள், உருட்டினாலே கொட்டட்டும். அது பிடிபட்டதும் ட்ரை ஃபுட்டை அதே அளவு வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, கரண்டிக் காம்பால் தளர்வாக அடையுங்கள். அடுத்துதான் ஃப்ரீசர். சிறு துளையை ஒரு கேரட் துண்டால் அடைத்து, ஒரு டம்ளரில் தலைகீழாக நிறுத்தி, நிரப்பி, இரவு முழுக்க வையுங்கள். கொடுக்கும்போது கேரட்டைக் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். கெட்டியான கேழ்வரகுக் கூழ், வேகவைத்த பரங்கிக்காய், உதிர்த்த கோழி, உப்பில்லாத தயிர்சாதம் எல்லாம் நன்றாக உறையும். சித்திரை வெயிலில் இதைவிட நல்ல குளிர்ச்சி கிடையாது.

தயிர்சாதம் என்றால் தாளிக்காதது. விசேஷ வீட்டுத் தயிர்சாதத்தில் திராட்சை போடுவார்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், வெந்த எலும்பு எதுவும் கூடாது. பீநட் பட்டர் வாங்கினால் லேபிளில் சைலிட்டால் என்ற சர்க்கரைக்கு மாற்றான இனிப்பூட்டி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த டப்பாவை நாய் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நாயின் ரத்தத்தில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

எவ்வளவு வைக்கிறீர்களோ அதைத் தட்டில் குறைத்துவிட வேண்டும். 30 கிலோ லேபுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,400 கலோரி. அதில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஒன்றரை மேசைக்கரண்டி பீநட் பட்டரிலேயே அந்தப் பங்கு முடிந்துவிடும். லேப்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்காமல் செய்யும் மரபணு மாற்றம் இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பாவமாகப் பார்க்கிறதே என்று கூட ஒன்று நிரப்பினால் இடுப்பு மூட்டுதான் பதில் சொல்லும்.

அபார்ட்மென்டில் இதனால் ஒரு தொல்லை உண்டு. தரையில் விழுந்தால் கோணல்மாணலாகத் துள்ளும், கீழ்வீட்டுக்காரர் தலையில் இடி இறங்குவது போல் கேட்கும். தேங்காய்நார் மிதியடி மேலோ பழைய ரப்பர் பாய் மேலோ வையுங்கள். வழுவழுப்பான டைல்ஸில் வீசி எறிந்து ஓடவிடுவது வேண்டவே வேண்டாம். வழுக்கி விழுந்தால் மூட்டு போகும். இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறை. வாயிலிருந்து பிடுங்காதீர்கள், பதிலுக்கு ஒரு கோழித் துண்டைக் காட்டி வாங்குங்கள்.

நடைக்கு மாற்றாக யாராவது இதைச் சொன்னால் நம்ப வேண்டாம். காலை வெயிலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும், மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம் வெளியே போகாத லேபை எந்த ரப்பரும் அடக்காது. தனிமையில் பதறி ஊளையிடும் நாய்க்கும் இது மருந்தல்ல. பயத்தில் இருக்கும் நாய் சாப்பாட்டையே தொடாது. காங் அப்படியே கிடந்தால் பிரச்சினை வேறு, கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

கழுவுவதில் சோம்பல் கூடாது. காய்ந்த சோறு சிமெண்ட் போல் ஒட்டிக்கொள்ளும், எறும்பு ஏறும், தயிர் வாடை ரப்பரில் இறங்கிவிடும். வெந்நீரில் அரை மணிநேரம் போட்டு, பால் பாட்டில் பிரஷால் உள்ளே தேயுங்கள். வாரம் ஒருமுறை பெரிய வாயின் விளிம்பை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். துண்டு பிய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். விழுங்கிய ரப்பர் குடலை அடைத்தால் அறுவைச் சிகிச்சை வரை போகும். விலை குறைவில்லைதான். ஆனாலும் முடிந்தால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று கழுவிக் காயும்போது மற்றது ஃப்ரீசரில் இருக்கும்.